ஏழாவது ஆள்

கண்டி மாநகர சபையில் நான் எழுதுவினைஞன். மதியச் சோற்றை முடித்ததும் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திருத்த உட்காருவேன். திருத்துவது என்ன, வெட்டுவதுதான். ஆதாரம் இல்லாமல் எவனாவது ஒரு வரி சேர்த்தால் எனக்குச் சோறு செரிக்காது.

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மண்சரிவு பற்றிய கட்டுரையில், இறந்தவர் ஆறு என்றிருந்ததை யாரோ ஏழு ஆக்கியிருந்தார்கள். ஆதாரம், ஒரு கேள்வி-பதில் தளம். போய்ப் பார்த்தேன். "அந்த மண்சரிவில் எத்தனை பேர் செத்தார்கள்?" என்று கேட்டவர் சர்மிளா. "ஏழு" என்று பதில் போட்டவரும் அதே சர்மிளா! கேப்பையில் நெய் வடிகிறதென்றால் கேட்பவனுக்குப் புத்தி வேண்டாமா? வெட்டினேன். 'யாரும் எதையும் எழுதக்கூடிய தளம் சான்றாகாது' என்று காரணமும் எழுதினேன். மறுநாள் மீண்டும் ஏழு. மூன்று முறை வெட்டினேன். நான்காம் முறை அந்தச் சர்மிளாவே திருத்தக் குறிப்பில் எனக்குத் தன் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைத்திருந்தாள். திட்டுவதற்காகவே அழைத்தேன்.

"கேள்வியும் நீங்க, பதிலும் நீங்களாம்மா?"

"ரெண்டு வருசமா யாராச்சும் சொல்லுவாங்கன்னு பாத்தேன் சார். ஒருத்தரும் சொல்லல. அதான் நானே போட்டேன்."

"பேப்பர்ல எல்லாம் ஆறுன்னுதானே இருக்கு?"

"தோண்டி எடுத்தது ஆறு பேருங்க. எம்புள்ள கெடைக்கல. பொறந்து இருபத்திரெண்டு நாளு. பேரு வச்சிட்டுப் பதியலாம்னு இருந்தோம், அதுக்குள்ள மண்ணு வந்திருச்சு. பதியாத புள்ளைய யாரு சார் சேத்துக்குவாங்க?"

ஒரு வாரம் நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் ஆறுதான். நானே காவல் காத்த விதி, அவளுக்கு ஒரு வரி எழுத என்னை விடவில்லை. வெட்கமாக இருந்தது. கடைசியில் அந்தக் கேள்வி-பதில் தளத்துக்கே போய், அவளுடைய கேள்விக்குக் கீழே என் பெயரில் எழுதினேன்: "ஏழு பேர். ஏழாவது, சர்மிளாவின் மகன்."

அவள் மனம் ஆறட்டும் என்றுதான் எழுதினேன். அவளோ மறுநாளே கட்டுரையில் ஏழு என்று மாற்றி, என் பதிலை ஆதாரமாகக் கொடுத்துவிட்டாள். 'இப்போது வேறு ஒருவரும் சொல்லியிருக்கிறார்' என்று ஒரு குறிப்பு வேறு.

முதல் தடவையாக எனக்கு வெட்டக் கை வரவில்லை. கணினியை மூடிவிட்டேன். பின்னேரத்துக்குள் வேறொரு தொகுப்பாளர் அதை நீக்கியிருந்தார். அவர் எழுதிய காரணம் என்னுடைய அதே வாசகம், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் அழைத்தாள்.

"சார், மறுபடியும் ஆறுன்னு போட்டிருக்காங்களே. நீங்க சொன்னாக்கூட செல்லாதா சார்?"