கிராம்பு வாசனை அடித்த குச்சி

"ஆம்பளையா? எங்க அக்காவைப் பார்த்தா ஆம்பளை மாதிரியா இருக்கு?"

சின்னவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாடி வீட்டில் மிக்ஸி நின்றது. சாதாரண நாளிலேயே அந்தத் தெருவுக்குக் காது கூர்மை. அன்றைக்கு ராணுவ ஜீப் வேறு வாசலில் நின்றால் கேட்கவா வேண்டும்?

"நான் அக்காவைச் சொல்லலீங்க," என்றாள் சீருடைக்காரப் பெண், பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு. "நீங்க தபால்ல அனுப்பின குச்சியைச் சொல்றேன். அதைக் கன்னத்துக்குள்ள தேய்ச்சது ஒரு ஆம்பளை."

"உங்க மெஷினுக்குக் கண்ணு சரியில்ல," என்றாள் பெரியவள், சோபாவில் அசையாமல். "எங்க சின்னவ கண்ணாடிக் கடையிலதான் வேலை பார்க்கறா. கூட்டிட்டு வாங்க, தள்ளுபடில பார்த்துக் கொடுப்பா."

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் ஏறிப் போன ராணுவ விமானம் மலைப் பனியில் மறைந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தக் கோடையில் பனி உருகி இறக்கை வெளியே தெரிந்திருக்கிறது. உள்ளே ஆறு பேருடைய எலும்புகளும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தனவாம். யார் யார் என்று பிரிக்க, அம்மா வழியில் மட்டும் இறங்கிவரும் ஓர் அடையாளம் வேண்டும். அதைக் கொடுக்கப் பெரியவளால்தான் முடியும். சின்னவள் அப்பாவின் இரண்டாம் தாரத்துப் பெண். அண்ணன் தோளிலேயே வளர்ந்தவள்தான். ஆனால் எலும்புக்குத் தோள் கணக்கு தெரியாதே!

அவளுக்கு வேறொரு அவசரமும் இருந்தது. 'என் தம்பி வந்து முன்னால நின்னாத்தான் உனக்குக் கல்யாணம்' என்று அக்கா எப்போதோ சொல்லிவிட்டாள். வராத தம்பியை எதிர்பார்த்து, பஸ் டிரைவர் ஒருவர் வருஷக்கணக்காக ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். அவருக்கும் இப்போது தூரத்து ஊருக்கு மாற்றல். 'அடுத்த மாசம் கிளம்பணும். வர்றியா, இல்லையா?' என்று போன வாரம் கேட்டுவிட்டார். மனுஷனைக் குறை சொல்ல முடியாது.

"இன்னொண்ணு," என்றாள் சீருடைக்காரி. "உறையைப் பிரிச்சதுமே கிராம்பு வாசனை குப்புன்னு வந்துச்சு."

கூடத்து மூலையில் அரத்தின் சத்தம் நின்றது.

பெரியவளின் புருஷன் பூட்டு ரிப்பேர்க்காரர். தெருவில் அவருக்குப் பேரே பூட்டு மாமாதான். தொழிலுக்குப் பாதி, பேசாமல் பூட்டியே கிடக்கும் வாய்க்குப் பாதி. அந்த வாயில் விடிந்தால் அடைந்தால் ஒரு கிராம்பு ஒதுங்கியிருக்கும்.

"மாமா!" சின்னவள் திரும்பினாள். "வாயைத் திறங்க!"

"அதான் திறந்துட்டேனேம்மா, அன்னிக்கு," என்றார் அவர் பரிதாபமாக. "உங்க அக்கா குச்சியை நீட்டினா. திறன்னா திறந்தேன்."

"ஏன்க்கா இப்படிப் பண்ணினே?"

பெரியவளின் குரல் முதல்தடவையாக இறங்கியது. "தேய்ச்சுக் கொடுத்தா, அவன் செத்துட்டான்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரிடி. என்னால முடியாது."

அந்த வீட்டின் வாசல் பூட்டைப் பற்றித் தெருவே கேலி பேசும். பூட்டுக்காரர் வீட்டில் துருப்பிடித்த பூட்டு! மாற்றவே விடமாட்டாள் பெரியவள். தம்பி கையில் இருப்பது இந்தப் பூட்டின் சாவி. திரும்பி வருகிறவன் வெளியே நிற்கலாமா?

"சரி, நான் கிளம்பறேன்," என்று சீருடைக்காரி எழுந்தாள். கோப்பிலிருந்து ஒரு படத்தின் ஓரம் எட்டிப் பார்த்தது. சின்னவளின் கை சும்மா இருக்குமா? படக்கென்று உருவிவிட்டாள்.

"ஐயோ, அதைக் காட்டக்கூடாதுங்க! சோதனை முடியறதுக்கு முன்னால பொருளைப் பார்த்தா மனசு முந்திக்கும்!"

மனசு ஏற்கனவே முந்திவிட்டது. படத்தில், அளவுகோல் பக்கத்தில், ஒரு சாவி. அதன் வளையத்தில் பெரிய கோட்டுப் பொத்தான் ஒன்று கம்பியால் கட்டியிருந்தது.

"அக்கா... பொத்தான்!"

பெரியவள் எழுந்த வேகத்தில் சோபா பின்னால் நகர்ந்தது. ஒன்று மாற்றி ஒன்றாகச் சாவியைத் தொலைக்கிறான் என்று திட்டித் தீர்த்து, கடைசியாக அவன் கிளம்பிய அன்று தன் பழைய கோட்டிலிருந்து பொத்தானைப் பிய்த்துக் கட்டிக் கொடுத்தவள் அவள்தான். இடுப்பிலிருந்த தன் சாவியை எடுத்துப் படத்தின்மேல் வைத்தாள். படம் அசல் அளவு. பூட்டு மாமா குனிந்தார். பல்லுக்குப் பல், பள்ளத்துக்குப் பள்ளம்.

"நம்ம சாவிதான்," என்றார். "என் அரம் வழுக்கின இடம்கூட அப்படியே இருக்கு."

"இது போதாதுங்க," என்றாள் சீருடைக்காரி. "சாவி கைமாறியிருக்கலாம். பக்கத்துல ஆறு பேர் எலும்பும் கலந்து கிடக்கு."

"கழுதை, தொலைக்கலடி!" பெரியவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சின்னவளுக்கே புரியவில்லை. "அந்தப் பனியிலயும் தொலைக்காம வச்சிருக்கான்! குச்சி எங்க? எடுங்க சீக்கிரம்!"

அந்தம்மா வாயைத் திறந்த அகலத்துக்குக் குச்சி என்ன, துடைப்பமே போயிருக்கும். எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ கை தட்டினார்கள்.

முடிவு வரும்வரை தபால்காரரைத் தெரு நிம்மதியாக நடக்கவிடவில்லை. ஒருநாள் ஜீப்பே வந்தது. "உங்க தம்பிதாங்க!" என்று இறங்கும் முன்பே சீருடைக்காரி கத்த, சின்னவள் செருப்பில்லாமல் ஓடிப் பஸ் டிப்போவில் போய் நின்றாள்.

கொடி போர்த்திய பெட்டி வீட்டுக்கு வந்தபோது, பெரியவள் உள்ளே நின்றுகொண்டு, கதவை வெளியிலிருந்து பூட்டச் சொன்னாள். சீருடைக்காரி கொடுத்த பொத்தான் சாவியைச் சின்னவள் போட்டாள். துருப்பிடித்த பூட்டு ஒரு முறை முனகிவிட்டுத் திறந்தது. அண்ணன் தன் சாவியிலேயே வீட்டுக்குள் வந்தான்.

அந்த மாதக் கடைசியிலேயே சின்னவளுக்குக் கல்யாணம். முன் வரிசை நாற்காலி ஒன்றில் அண்ணன் படம். பெரியவள் சொன்ன சொல் தவறவில்லை. மணமக்கள் தூரத்து ஊருக்குப் போய்விட்டார்கள். வாசலைக் காவல் காக்கும் வேலை முடிந்ததால் பெரியவளும் வீட்டை விற்றுவிட்டு, புருஷனோடு கடலோரத்துக்குக் குடிபோனாள். பூட்டு மாமா இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாராம். வீட்டை வாங்கியவர்கள் வந்த அன்றே பூட்டை மாற்றிவிட்டார்கள். தெருவில் யார் பேச்சுக்கொடுத்தாலும் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், பேச்சுக் கஞ்சர்கள்.