விரல் தட்டியது

“கரண்ட் வந்துச்சாம்மா?” என்று டாக்டர் ராமசுவாமி கேட்பதற்கு முன்பே அப்பாவின் விரல் பாமாவின் உள்ளங்கையில் தட்டிவிட்டது.

“இன்னும் இல்ல சார்,” என்றாள் பாமா.

நுரையீரலின் உச்சியில் வந்த புற்று, அப்பா புருஷோத்தமனின் வலக்கைக்குப் போகிற நரம்புகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. கை முழுக்கத் தீராத வலி; குரலும் போயாயிற்று. காறை எலும்புக்கு மேலே, நாடி துடிக்கிற இடத்தின் ஓரமாக, அந்த நரம்பெல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து முதல் விலா எலும்பைத் தாண்டிப் போகின்றன. ஊசி அவற்றைத் தொட்டால் விரல்நுனி வரை கரண்ட் அடிக்கும். நோயாளி அதைச் சொன்னால்தான் மரத்துப்போகிற மருந்தை ஏற்றுவார்கள். பேச முடியாதவர் விரலால் தட்டட்டும், நான் சொல்கிறேன் என்று ஏற்பாடு செய்தவளே பாமாதான். ஆபரேஷன் தியேட்டரில் பதினோரு வருஷ நர்ஸ். அவள் கெஞ்சியதற்காகத்தான் டாக்டர் மாரெட்பள்ளி வீடு வரைக்கும் வந்திருந்தார்.

திட்டமெல்லாம் ஒன்றும் போடவில்லை. கையைப் பிடித்ததும் வயிறு எரிந்தது, அவ்வளவுதான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன கை. குழம்பில் உப்புக் கூடிவிட்டதென்று அம்மாவின் இடது காதை ஒரே அறையில் செவிடாக்கிய கை. நன்றாக அனுபவிக்கட்டும்!

ஊசி நகர்ந்தது. மறுபடியும் தட்டினார்.

“இல்ல சார்.”

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது முறை, தட்டிய விரலாலேயே பிறாண்டினார்.

“இல்ல சார்.”

“இதுக்கு மேல போனா நுரையீரல்ல குத்திடும்மா,” என்று டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கால்மாட்டில் நின்ற அம்மா ராஜம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாமாவுக்குப் பகீரென்றது. போச்சு, சொல்லிவிடப் போகிறாள்.

“நக்கோ டாக்டர், வேண்டாம், போதும்,” என்றாள் அம்மா. “பாவம், எத்தனை தடவைதான் குத்துவீங்க?”

டாக்டர் ஊசியை உருவிவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விட்டார். புருஷோத்தமன் மத்தியானம் மூன்று மணி வரைக்கும் சத்தம் வராத வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அக்கம்பக்கத்தார் வருவதற்குள் அம்மா பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, அவருடைய கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட உட்கார்ந்தாள்.

“எத்தனை தடவைடி தட்டினாரு?”

“மூணும்மா.”

“கேக்கல.” அம்மா வலது காதைத் திருப்பினாள்.

“மூணு.”

அம்மா துணியை இன்னொரு சுற்றுச் சுற்றி, இழுத்து முடிச்சுப் போட்டாள்.