பாப்பா தேர்ந்தெடுத்த பிராக்கெட்

முப்பது வயதைத் தாண்டியாயிற்று, காதோரம் ஒரு நரையும் எட்டிப் பார்த்துவிட்டது. இன்னும் அவள் பாப்பாதான். அண்ணன் வைத்த பெயர். அண்ணனின் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கல்யாண ஆல்பம் செய்வது அவள் வேலை. செய்வது என்ன, அண்ணன் கெடுத்து வைத்ததைச் சரிக்கட்டுவது என்று சொல்லுங்கள். அவனுக்குக் கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பிடித்தால்தான் படம் எடுத்த திருப்தி. அப்படித் திருப்பினால் கேமராவின் தலையில் இருக்கும் ஃபிளாஷ் பக்கவாட்டுக்கு வந்துவிடும். கல்யாணப் பெண்ணின் காதுக்குப் பக்கத்தில், சுவரில், கன்னங்கரேலென்று நிழலாக இன்னொரு தலை முளைக்கும். அந்தத் தலையைப் படம் படமாக அழித்து அழித்தே அவள் கண் பூத்துப்போயிற்று. பேர் வாங்குவது மட்டும் அண்ணன்.

"ஃபிளாஷைத் தனியாத் தாங்கிப் பிடிக்க ஒரு பிராக்கெட் வாங்கேண்ணா. கேமராவை எப்படித் திருப்பினாலும் லைட்டு மேலயே நிக்கும்" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது.

"அதை எவன் தூக்கிட்டு அலையறது, போ" என்பான்.

அப்பேர்ப்பட்டவன் ஒருநாள் காலையில் தானாகவே வந்து, "கிளம்பு பாப்பா, பிராக்கெட் வாங்கிட்டு வருவோம். உனக்குத்தான் அதெல்லாம் தெரியும்" என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் இரண்டு கல்யாணம். ஒன்றை அண்ணன் எடுப்பான். இன்னொன்றை நான் எடுக்கிறேன் என்று பாப்பா ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். அவனோ "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நழுவிக்கொண்டிருந்தான். இப்போது பிராக்கெட் வாங்கக் கூப்பிடுகிறான் என்றால் வேறென்ன அர்த்தம்? அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கேமராவையும் ஃபிளாஷையும் பையில் போட்டுக்கொண்டு அண்ணனுக்கு முன்னால் நடந்தாள்.

கேமராக் கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் நாலைந்து பிராக்கெட்டுகளை எடுத்துப் பரப்பினார். "சாருக்கு எந்த மாதிரி வேணும்?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"என்னைக் கேளுங்க" என்றாள் பாப்பா.

முதலில் எடுத்தது தட்டையான ஒரு பட்டையும் ஓரத்தில் ஒரு கைப்பிடியும். கேமராவை மாட்டித் திருப்பிப் பார்த்தாள். "ம்ஹும். நெட்டுக்குப் பிடிச்சா லைட்டு கீழே இறங்கிடுது. தாடைக்குக் கீழேருந்து வெளிச்சம் அடிச்சா கல்யாணப் பொண்ணு பேயாட்டம் இருப்பா." அடுத்ததில் ஃபிளாஷைத் தாங்கும் கை இருந்தது, ஆனால் மூட்டு லொடலொட என்று ஆடியது. "இது மேடை ஏறுறதுக்குள்ளயே கழண்டு விழுந்துடும்" என்று ஒதுக்கினாள். மூன்றாவது கொஞ்சம் கனம். ஆனால் கேமராவைத் திருப்பத் திருப்ப, அதன் கை சுழன்று லென்ஸுக்கு நேர்மேலேயே போய் நின்றது. அவளுக்குக் கண்டதும் பிடித்துப்போயிற்று.

"அண்ணாச்சி, அந்தச் சுவரோரம் நில்லுங்க" என்று கடைக்காரரையே நிறுத்தி வைத்தாள். அவரும் சட்டையை நீவிக்கொண்டு விறைப்பாக நின்றார். கேமராவைத் திருப்பி அழுத்தினாள். கிளிக். ஃபிளாஷ் கண்ணையே திறக்கவில்லை.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "கேபிள் மாட்டலையே! மேடமுக்கு எல்லாம் தெரியுமாக்கும்!"

ஃபிளாஷைக் கேமரா தலையிலிருந்து கழற்றிப் பிராக்கெட்டில் வைத்தால், கேமராவிலிருந்து அதற்கு ஒரு கேபிள் போக வேண்டும். இத்தனை வருஷம் ஆசைப்பட்டவள் அதை மறந்துவிட்டாள். அவள் முகம் ஜிவ்வென்று சிவந்தது. "மறந்துட்டேன். மாட்டினா எரியப் போகுது, இதுக்கு என்னத்துக்கு இளிப்பு?" என்று கேபிளைக் கேட்டு வாங்கி மாட்டி மறுபடி அழுத்தினாள். வெளிச்சம் பளீரென்று அடித்தது. படத்தில் சுவர் சுத்தமாக இருந்தது. நிழல் முழுக்கக் கடைக்காரர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. "அட, என்னைக்கூட மனுஷனாக் காட்டுதே!" என்று அவரே அசந்துபோனார்.

"இதுதான். கைப்பிடியில சுத்தியிருக்கிற ஸ்பாஞ்சை மட்டும் எடுத்துடுங்க. என் கைக்குத் தடிமனா இருக்கு."

"அதை எடுக்காதீங்க" என்றான் அண்ணன், அவசரமாக. "மீசைக்குக் கை பெரிசு."

பாப்பா திரும்பினாள். "எந்த மீசை?"

"நம்ம மீசைதான். கூலிக்குப் படம் எடுக்க வருவானே, அவன். ரெண்டாவது கல்யாணத்தை அவன்கிட்டக் குடுத்துட்டேன். பிராக்கெட் இருந்தாத்தான் வருவேன்னுட்டான்."

அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் அண்ணன் முன்னால் அழுதால் தொலைந்தோம் என்று விழுங்கினாள். "நான் வருஷக்கணக்காக் கேட்டேன், உன் காதுல ஏறலை. அவன் ஒரு தடவை கேட்டான், உடனே கடைக்கு வந்துட்டே. அதையும் என்னை வெச்சே பொறுக்கறே. வெக்கமா இல்லே?"

"கத்தாதே பாப்பா. கல்யாணக் கூட்டம்டி. நாற்காலி மேல ஏறணும், குறுக்கே நிக்கிற ஆம்பளைங்களைத் தள்ளி நில்லுங்கன்னு அதட்டணும். உனக்கு அதட்ட வருமா?"

"வருமான்னு இப்பப் பாரு. மீசை தாராளமா வரட்டும். ஆனா அவன் எடுத்தது, நீ எடுத்தது, எல்லாத்துக்கும் நீங்க ரெண்டு பேரும் உக்காந்து ஆல்பம் போடுங்க. நான் இனிமே அந்த நாற்காலியில உக்கார மாட்டேன்."

"மிரட்டுறியா?"

"ஆமா. மிரட்டத்தான் செய்யறேன்."

அண்ணனுக்குச் சிரிப்பு வரப் பார்த்துப் பாதியில் நின்றது. கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே பாப்பாவைக் கூப்பிடுகிறவன் அவன். மீசைக்கோ அதுவும் தெரியாது. முடியாத ஆல்பங்களுக்காகக் கல்யாண வீட்டுக்காரர்கள் விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்த மேசையை மும்முரமாகத் துடைத்தார்.

பாப்பா நகத்தை விட்டு ஸ்பாஞ்சைப் பிடுங்கி மேசைமேல் போட்டாள். கைப்பிடி அவள் உள்ளங்கைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. "ஞாயித்துக்கிழமை இது என் கையிலதான் இருக்கும். மீசைக்குப் போன் போடு. என் முன்னாடியே போடு."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்..."

"இங்கேயே."

அண்ணன் கடைக்காரரைப் பார்த்தான். அவர் தலை நிமிரவே இல்லை. வேறு வழியில்லாமல் போனைக் காதில் வைத்தான். "மீசை, ஞாயித்துக்கிழமை நீ வர வேணாம்பா... இல்லப்பா, தங்கச்சியே எடுக்கிறா." எதிர்முனையில் கரகரவென்று ஏதோ சத்தம். அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏன்னு கேக்கிறான். என்னத்தைச் சொல்றது?" என்றான்.

"'என்னைவிட அவ நல்லா எடுப்பா'ன்னு சொல்லு."

அவன் முழித்தான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவ நல்லா எடுப்பா" என்று முணுமுணுத்துவிட்டு, போனை அவசரமாகக் காதிலிருந்து எடுக்கப் போனான்.

பாப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்து, போனை மறுபடி காதில் வைத்தாள்.

"முதல் வார்த்தையை விட்டுட்டே. அதையும் சேர்த்துச் சொல்லு."