ஜன்னலைக் கட்டிய நூல்

"கத்தரிக்கோல் எங்க?"

அத்தான் அறை வாசலிலேயே நின்று கேட்டார். ஒரு கையில் வாசனை ஸ்ப்ரே. இன்னொரு கை கைக்குட்டையோடு மூக்கில். உள்ளே கட்டிலில் அவர் மனைவி. உயிர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சின்னவள் அக்காவின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படுக்கைப்புண்ணின் சீழ் விரிப்பில் ஊறிக் கிடந்தது. அந்த நாற்றம் அவளுக்கும் குமட்டத்தான் செய்தது. ஆனால் அதன்மேல் அத்தான் அடித்த எலுமிச்சை வாசனை வந்து உட்கார்ந்தபோதுதான் வாந்தி தொண்டைவரை வந்தது.

"எதுக்கு அத்தான்?"

"அந்தச் சனியனை அறுத்து வெளியில போடத்தான். ஆளுங்க வர்ற நேரம். நாற்காலி போட இடம் வேணாமா?"

சனியன் என்றது, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நின்ற தறியை. படம் நெய்கிற தறி. அக்கா ஆசையாக வாங்கி, பெட்டியைப் பிரிக்கும் முன்பே படுத்துவிட்டாள். நெய்ய இவளுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. விளக்கப் படத்தைப் பார்த்துப் பார்த்து நேற்று சின்னவள்தான் பாவு நூலை நெடுக்காகக் கட்டினாள். மேல் கட்டை, கீழ்க் கட்டை என்று ஒரே நூலைச் சுற்றி முடித்து நிமிர்ந்தால், தறிச் சட்டம் அசையவில்லை. சாய்த்து வைத்திருந்த ஜன்னல் கம்பியையும் சேர்த்தே சுற்றித் தொலைத்திருந்தாள்!

அக்கா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

"அடிப்பாவி! படம் முடிஞ்சா சுவரையும் பெயர்த்துல்ல எடுக்கணும்!" மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "அறுத்துடாதடி. முழு நூலா அவிழு. திருப்பிக் கட்டு."

விடிந்ததும் போய்விட்டாள்.

"அறுக்கக் கூடாது," என்றாள் சின்னவள்.

"செத்தவ வந்து நெய்யப் போறாளா?"

கேட்டவர் இந்த வாசலைத் தாண்டி ஒரு மாதமாகிறது. ஃபோனில் மட்டும், "நான்தாங்க கூடவே இருந்து பார்த்துக்கறேன்," என்று ஊருக்கெல்லாம் ஒலிபரப்பு. எச்சில் தட்டில் ஊர்கிற ஈயைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"நானே அவிழ்த்துத் தர்றேன். மீதி இழையை யாராவது அழுத்திப் பிடிக்கணும், இல்லேன்னா சிக்காயிடும். உக்காருங்க."

"எங்க?"

"கட்டில்லதான். வேற இடம் ஏது?"

வெளியே கேட் திறக்கும் சத்தம். பேச்சுக் குரல்கள். இனிச் சண்டை போட முடியாது. அத்தான் உள்ளே வந்து, விளிம்பில் அரை உடம்பாக உட்கார்ந்தார். விரிப்பின் ஈரம் பட்டதும் துள்ளி எழப் பார்த்தார்.

"விடாதீங்க!"

இரண்டு கையாலும் இழைகளை அழுத்தினார். கைக்குட்டை நழுவித் தரையில் விழுந்தது.

எதிர்வீட்டு டீச்சர்தான் முதலில் உள்ளே வந்தார். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"பாவம், கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருக்காரு பாருங்க."

அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயால் மூச்சு விட்டார்.

சின்னவள் நூல் உருண்டையைக் கம்பிக்குள் நுழைத்து வாங்கி, அவிழ்ந்த இழையை அதிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். அடுத்த இழைக்குப் போனாள். அவசரப்படவில்லை.