இருபத்து நாலு வோல்ட்

மே மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பதினொரு மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் பொன்னுராஜின் லாரி நின்றுபோனது.

வண்டிக்குப் பதிமூன்று வயது. மம்சாபுரத்துக்காரரான பொன்னுராஜ்தான் முதலாளி, அவரேதான் டிரைவர். மாரீஸ்வரியின் மாந்தோப்பில் ஐந்து டன் சப்பட்டை மாம்பழம் ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டியாகிவிட்டது. மறுநாள் விடிவதற்குள் மதுரை மண்டியில் இறக்கியாக வேண்டும். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. ஆறேழு தடவை திருகிப் பார்த்துவிட்டு, பேட்டரி இறங்கிவிடும் என்று பயந்து நிறுத்தினார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தங்கச்சாமி வந்தார். இருபத்தைந்து வருட மெக்கானிக், அவசரப்படாத மனிதர். டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. டீசல் லைனில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றினார், டீசல் ஒழுங்காக வந்தது. பிறகு பழுது காட்டும் ஸ்கேனரை மாட்டினார். வண்டி அதனோடு பேசவே இல்லை. எந்த இன்ஜெக்டர் எப்போது, எவ்வளவு டீசலைப் பீய்ச்ச வேண்டும் என்று முடிவு செய்கிற பெட்டியை டிரைவர்கள் ஈசிஎம் என்பார்கள். அதன் பிளக்கைப் பிடுங்கி மீட்டரை வைத்தார். இருபத்து நாலு வோல்ட் காட்டியது.

"பொட்டிக்குக் கரண்டு முழுசா வருது. ஆனா பொட்டி முழிக்க மாட்டேங்குது" என்றார். "ஈசிஎம் போயிருச்சு பொன்னுராஜு. மதுரைக்குத்தான் அனுப்பணும். ரெண்டு நாளாவது ஆகும்."

பொன்னுராஜ் லோடைத் திரும்பிப் பார்த்தார். தார்ப்பாய்க்குள் பழம் ஒரு ராத்திரி தாங்கும், இரண்டாவது நாள் வியர்த்துக் கறுத்துவிடும். சீசன் நேரம், வேறு லாரிக்கு நாலு பேரைக் கேட்டும் கிடைக்கவில்லை. போதாததற்கு மத்தியானம் வனக்காவலர் ஒருவர் பைக்கில் வந்து, குட்டியோடு யானைக்கூட்டம் மேலே ஓடைப் பக்கம் நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். "பொழுது சாயுறதுக்குள்ள வண்டிய கீழ இறக்கிருங்க. பழ வாசம் ரொம்ப தூரம் போகும்."

மாரீஸ்வரி அதற்குள் போனை எடுத்திருந்தாள். போன வருடம் அவள் தோட்டத்து மோட்டார் மூன்று தடவை புகைந்தபோது, எதனால் புகைகிறது என்று கண்டுபிடித்தவள் ராஜபாளையத்து கேத்ரின்.

"லாரியும் பாப்பாளா?" என்று பொன்னுராஜ் கேட்டார்.

"லாரிதான் அவளுக்குத் தொழிலே. மோட்டாரு எனக்காகப் பாத்தது" என்றாள் மாரீஸ்வரி.

கேத்ரின் இரண்டரை மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பன்னிரண்டு வருடம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிக்கல் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, ராஜபாளையம் மலையடிப்பட்டியில் சொந்தமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை போட்டவள். துணிப்பை ஒன்றைத் தவிர வேறு எதுவும் கொண்டுவரவில்லை. பையைப் பார்த்ததும் பொன்னுராஜுக்கு நம்பிக்கை போய்விட்டது.

அவள் வண்டியைத் தொடவில்லை. நேராகத் தங்கச்சாமியிடம் போனாள்.

"அண்ணாச்சி, இதுவரைக்கும் என்னென்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க."

அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். "டீசல் பக்கம் நீங்க பாத்தாச்சு. அத நான் மறுபடி தொடல" என்றாள். பிறகு பொன்னுராஜ் பக்கம் திரும்பினாள்.

"காலையில வீட்ல எப்படி ஸ்டார்ட் ஆச்சுண்ணே?"

"ஒரே திருப்புல."

"வார வழியில ஏதாச்சும்?"

பொன்னுராஜ் யோசித்தார். "ஓடையத் தாண்டுறப்ப குழியில விழுந்து, ஒரு செகண்டு அணைஞ்சு உடனே பிடிச்சுக்கிருச்சு. பாதை சரியில்லைன்னு விட்டுட்டேன்."

"இத எங்கிட்ட சொல்லலையே!" என்றார் தங்கச்சாமி.

"நீரு கேக்கலையே."

கேத்ரின் சிரித்தாள். ஏறி உட்கார்ந்து, இன்ஜின் சுற்றாதபடி சாவியை ஒரு கட்டை மட்டும் திருகி, டேஷ்போர்டையே பார்த்தாள். எண்ணெய் விளக்கு எரிந்தது, பேட்டரி விளக்கு எரிந்தது. இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியவில்லை.

"பொட்டி உயிரோட இருந்தா முதல்ல இந்த லைட்டத்தான் போடும். போடல. ஒண்ணு பொட்டி செத்திருக்கணும், இல்ல அதுக்குச் சோறு போகாம இருக்கணும்."

"சோறு போகுதும்மா. நானே மீட்டர் வச்சுப் பாத்தேன்" என்றார் தங்கச்சாமி.

"இருக்கட்டும் அண்ணாச்சி. செத்த நேரம் பாப்போம்."

முதலில் அவளுக்குப் பெட்டிக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே மேல் சந்தேகம் வந்தது. ஹாரன் ரிலேயைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டினாள். விளக்கு எரியவில்லை. ஃபியூஸ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். எல்லாம் நன்றாக இருந்தன. முக்கால் மணி நேரம் போய்விட்டது. மேலே காட்டுக்குள் எதுவோ கிளையை முறிக்கிற சத்தம் கேட்க, மாரீஸ்வரி கூலிக்கு வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

"நான் நெனச்சது தப்பு. ரிலே இல்ல" என்றாள் கேத்ரின், கூச்சமே இல்லாமல். பிறகு கீழே குத்த வைத்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பொன்னுராஜுக்கு அந்தச் சும்மா இருந்ததுதான் தாங்க முடியவில்லை. ஏதாவது ஒன்றைக் கழற்றினால்கூட மனசு ஆறும் போலிருந்தது.

"அண்ணே, ஸ்பேர் ஹெட்லைட் பல்பு வச்சிருக்கீங்களா?"

எடுத்துக் கொடுத்தார். பையிலிருந்து இரண்டு துண்டு வயரை எடுத்துப் பல்பில் முறுக்கினாள். ஈசிஎம் பிளக்கில், தங்கச்சாமி மீட்டர் வைத்த அதே முனையில் முதலில் மீட்டரை வைத்தாள்.

"பாருங்க அண்ணாச்சி, நீங்க சொன்னது சரி. இருபத்து நாலு."

மீட்டரை எடுத்துவிட்டுப் பல்பை வைத்தாள். எரியவில்லை. கண் சிமிட்டக்கூட இல்லை.

தங்கச்சாமி குனிந்து பார்த்தார். "பல்பு ஃபியூஸ் போச்சா?"

அவள் அதே பல்பைப் பேட்டரியில் வைத்தாள். வெயிலிலும் கண் கூசுகிற மாதிரி எரிந்தது.

"ஒரு குழாயில ஊசி ஓட்டை அளவுக்குத்தான் வழி இருக்குன்னு வைங்க. அந்தப் பக்கம் அடைச்சு வச்சு அளந்தா பிரஷர் முழுசாக் காட்டும். திறந்து விட்டா சொட்டுத்தான் வரும்" என்றாள். "மீட்டரு தண்ணியே குடிக்காது, சும்மா எட்டிப் பாக்கும். பல்பு குடிக்கும். பொட்டியும் குடிக்கும். மில்லுல ஒரு மிஷின்ல இப்படித்தான் நாங்க ரெண்டு நாள் ஏமாந்தோம்."

தங்கச்சாமி கத்தியை எடுத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு வண்டிக்கு அடியில் போனார். "வயரு எந்தப் பக்கமாப் போகுதுன்னு எனக்குத் தெரியும். நீ பல்பப் பிடி, நான் உரிச்சுத் தாரேன்."

ஃபியூஸ் பெட்டியின் முனையில் பல்பு பளிச்சென்று எரிந்தது. அங்கிருந்து ஈசிஎம்முக்குப் போகிற சிவப்பு வயர் இரண்டரை மீட்டர். பழுது அதற்குள்தான். தங்கச்சாமி கவர் குழாயைக் கத்தியால் கீறிக்கொண்டே வர, மட்கார்டுக்கு உள்பக்கம், சேறு தெறிக்கிற இடத்தில், கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. கேத்ரின் டேப்பை உரித்தாள். உள்ளே தாமிரம் பச்சையாகக் களிம்பேறி, தொட்டதும் மாவாக உதிர்ந்தது. கற்றையாக இருக்க வேண்டிய இழைகளில் இரண்டே இரண்டுதான் மிச்சம்.

"யாரோ இங்க ஒரு இணைப்பு எடுத்திருக்காங்க" என்றாள்.

பொன்னுராஜின் முகம் சுருங்கிவிட்டது. "யாரோ இல்லம்மா. நாந்தான். ரெண்டு வருஷம் முன்ன ஆயுதபூசைக்கு சீரியல் லைட் போட அறுத்தேன். பொறவு லைட்டக் கழட்டிட்டு டேப்பச் சுத்திட்டேன்."

தங்கச்சாமி வண்டிக்கு அடியிலிருந்தே உரக்கச் சிரித்தார். கேத்ரின் சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷம் தாங்கியிருக்கே, நல்லாத்தான் சுத்தியிருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த வார்த்தையில் பொன்னுராஜுக்குக் கண் கலங்கியது. காலையிலிருந்து தன் வண்டியைக் கிழடு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, பையிலிருந்து அதே தடிமனில் புது வயர் எடுத்து வைத்தாள். கேஸ் பற்றவைப்பானில் ஈயம் உருக்கி ஒட்டி, மேலே சூட்டில் சுருங்குகிற ரப்பர் குழாயைப் போர்த்தி, சேறு படாத உயரத்துக்கு வயரைத் தூக்கிக் கட்டினாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கை ஒரு இடத்தில்கூட அவசரப்படவில்லை. கட்டி முடித்த பிறகும் ஈசிஎம் முனையில் பல்பை வைத்துப் பார்த்தாள். எரிந்தது. அப்புறம்தான் பிளக்கை மாட்டினாள்.

"இப்பத் திருகுங்கண்ணே. ஒரு கட்டை மட்டும்."

மஞ்சள் விளக்கு எரிந்து, மூன்று செகண்டில் அணைந்தது.

"இன்னொரு கட்டை."

அரைச் சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. மாமரத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. மாரீஸ்வரி கையைத் தட்டினாள். பொன்னுராஜ் உடனே கியரைப் போடப் போக, கேத்ரின் கையைக் காட்டி நிறுத்தினாள். "அணைங்க. மறுபடி போடுங்க." மூன்று தடவை அணைத்து மூன்று தடவை போட வைத்தாள். வயரைக் கையால் ஆட்டிக்கொண்டே நின்றாள். இன்ஜின் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

கையை மண்ணில் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் தங்கச்சாமி வந்தார்.

"என் ஷெட்டுல ஒரு வேன் நிக்குது. ஈசிஎம் போச்சுன்னு முடிவு பண்ணி, பார்ட்டிகிட்டயும் சொல்லிட்டேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நாளைக்கு வாரியா?"

"காலையில பத்து மணிக்கு வாரேன் அண்ணாச்சி. டீசல் பம்ப் பக்கம் எனக்கு அவ்வளவாத் தெரியாது, அத நீங்க எனக்குச் சொல்லித் தரணும்."

"தாராளமா."

ஐந்தே காலுக்கு லாரி தோப்பை விட்டு இறங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும் வரை பொன்னுராஜ் டேஷ்போர்டைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாகவே ஓட்டினார். கிருஷ்ணன்கோவிலில் டீக்கடை ஓரமாக நிறுத்தினார். வழக்கமாக லோடு ஏற்றிய வண்டியைப் பழுது பார்த்த அன்று அவர் இன்ஜினை அணைக்க மாட்டார், ஓடவிட்டபடியே இறங்கி டீ குடிப்பார். அன்று சாவியைத் திருகி அணைத்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டார். பக்கத்திலிருந்த இன்னொரு லாரிக்காரர், "பழ லோடா? சீக்கிரம் போகலையா?" என்று கேட்டார்.

"போலாம்யா" என்றார் பொன்னுராஜ். "ராஜபாளையத்துல கேத்ரின்னு ஒரு பொண்ணு இருக்கு, தெரியுமா ஒமக்கு?" என்று ஆரம்பித்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.