ரெண்டு தொட்டிலும் ஒரு தூக்கமும்

மலேசியாவின் புக்கிட் செந்தோசாவில் குமுதாவின் வீட்டுக் கூடத்தில் இரண்டு தொட்டில்கள் இருந்தன. பிள்ளை ஒன்றுதான். முதல் பேரனுக்குத் தொட்டில் தாய்வீட்டுச் சீர் என்று அவள் அம்மா கலாவதி அசாம் ஜாவாவிலிருந்து ஸ்பிரிங் தொட்டிலைச் சேலையோடு கொண்டுவந்து மாட்டினார். மாமியார் இராஜம்மா விடுவாரா? மறுநாளே மோட்டார் தொட்டில் வந்து இறங்கியது. பொத்தானை அழுத்தினால் தானாக ஆடும். ஆட்டிவிட அந்த வீட்டில் ஆள் பஞ்சம் பாருங்கள்.

இரண்டு பக்கமும் மனம் கோணக்கூடாது என்று குமுதாவின் கணவன் சரண் ஓர் ஏற்பாடு செய்தான். ரவாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் போடும் மூளை அல்லவா. காலையில் தாய்வீட்டுத் தொட்டில், மதியத்துக்கு மேல் மாமியார் தொட்டில். மதியம் ஆனதும் பிள்ளை அசந்து தூங்கினாலும் சரி, அலுங்காமல் தூக்கி அடுத்ததில் போடுவார்கள். இது நியாயமான ஏற்பாடு என்று புரியாத பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது.

"புள்ளைக்கு என்னமோ செய்யுது சமந்தி, தூங்கவே மாட்டேங்குது" என்று பாட்டிமார் இருவரும் கவலைப்பட்டுத் திருஷ்டி சுற்றினார்கள்.

பிள்ளையின் தூக்கத்துக்கு இத்தனை பேர். பெற்றவளின் தூக்கத்துக்கு நாதியில்லை. பச்சை உடம்புக்காரி பகலில் தூங்கினால் நீர் கோத்துக்கொள்ளுமாம். ராத்திரி தூங்கலாமே என்றால், ராத்திரி பால் கொடுக்க வேறு யார் வருவார்கள்? பகலில் அவள் கண் சொக்கினால் கலாவதி உலுக்கிவிடுவார். மீதியை, பிள்ளை பார்க்க வந்த உறவுகள் கவனித்துக்கொண்டன. விடிய விடிய வலித்தும் பிள்ளை இறங்காததால், டாக்டர் எடுத்துச் சொன்னதைக் கேட்டு ஆபரேஷனுக்குச் சம்மதித்தவள் குமுதாதான். அதற்கு அவளுக்குக் கிடைத்த பட்டம் சொகுசுக்காரி.

"அந்தக் காலத்துல தோட்டத்து லயத்துல பெத்துட்டு மறுவாரமே ரப்பர் பால்மரம் வெட்டப் போயிருவோம் லா" என்றார் கம்போங் குவாந்தானிலிருந்து வந்த சின்னத்தை. அவர் பெற்றது டவுன் ஆஸ்பத்திரியில். மரம் வெட்டப் போனது அவருடைய மாமியார்.

பேர் வைக்கும் நாள் வந்தது. பிள்ளையை எந்தத் தொட்டிலில் போட்டுப் பேர் சொல்வது என்று கூடத்தில் வழக்கு நடந்தது. உள்ளறை நாற்காலியில் குமுதா பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண் எப்போது மூடியது என்று அவளுக்கே தெரியாது. திறந்தபோது பிள்ளை மடியைவிட்டு முழங்கால் பக்கம் சரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பிடித்துவிட்டாள். தையல் போட்ட வயிறு சுரீரென்றது. பிள்ளை ஒன்றும் அறியாமல் தூங்கியது. இப்படி ஒரு பயம் ஆபரேஷன் மேசையில்கூட அவளுக்கு வந்ததில்லை.

கூடத்துக்கு வந்து, பட்டு வேட்டியில் நின்ற சரணிடம் பிள்ளையைக் கொடுத்தாள்.

"கெட்டியா புடிங்க. தூக்கத்துல இப்ப கீழ போட்டிருப்பேன். நான் போய்த் தூங்குறேன்."

"இப்பவா? எல்லாரும் வந்துட்டாங்களே."

"அதான். இத்தன பேரு இருக்கீங்களே."

கலாவதி பதறிப்போய்க் குறுக்கே வந்தார். "பேரு வைக்கத் தாய் வேணும்டி. நல்ல நேரம் போயிரும்."

"பேர நீங்களே வச்சிக்குங்கம்மா. அவனுக்குப் பசிச்சா மட்டும் எழுப்புங்க."

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

கூடத்தில் சம்பந்திகள் இருவரும் முதல்முறையாக ஒரே கட்சியானார்கள். இப்படி ஒரு பொறுப்பில்லாத தாயைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்றார் இராஜம்மா. "நானும் அதையேதான் சொல்ல வந்தேன் சமந்தி" என்றார் கலாவதி.

எல்லாம் குமுதாவின் காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று திரும்பிப் படுத்தவள், அடுத்த வார்த்தை வருவதற்குள் தூங்கிப்போனாள்.