பத்துச் சீவல்

மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் அவனைச் 'சுருக்கமில்லாதவன்' என்பார்கள். மெழுகுக் கட்டியில் பதித்த திசுவை அவன் இயந்திரத்தில் வைத்துச் சீவினால் பெரும்பாலும் சுருக்கம் விழாது. விழுந்ததைக் கண்ணாடியில் ஏற்றாமல் கழிவுத் தட்டில் தள்ளிவிடுவான். எதிர்மேசையில் பதினொரு ஆண்டுகளாகப் பதிவேடு எழுதிவந்த அக்கா அதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்: "நீ தள்ளுறதை வச்சே இன்னொரு லேப் நடத்தலாம்டா."

இப்போது அந்த நாற்காலியில் வேறொருவர். அக்காவின் கல்லீரல் முழுவதும் புற்றுக் கட்டிகள். அவை எந்த உறுப்பில் தொடங்கி அங்கே வந்தன என்பது மட்டும் தெரியவில்லை. நுரையீரலா, குடலா, மார்பகமா என்று ஒவ்வொரு சாயச் சோதனைக்கும் அவளுடைய எள்ளளவுத் திசுவை அவனே சீவினான். ஒவ்வொன்றும் 'இல்லை' என்றே திரும்பியது. எஞ்சியது மரபணுச் சோதனை. தோற்றுவாய் தெரிந்தால் அதற்குரிய மருந்தைத் தொடங்கலாம். இன்னொரு முறை குத்தித் திசு எடுக்க வழியில்லை. அவளுக்கு இரத்தம் உறைவதில்லை.

கேட்டவை பத்துச் சீவல்கள். மூன்று சுருங்கின, பழக்கத்தில் தட்டில் தள்ளினான். நல்லவை ஏழு தேறியதும் திசு தீர்ந்து கத்தியில் வெறும் மெழுகு வந்தது. அப்போதுதான் உறைத்தது: இந்தச் சோதனைக்குச் சீவல் அழகாக இருக்க வேண்டியதே இல்லை, அவர்கள் அதைச் சுரண்டிக் கரைக்கத்தான் போகிறார்கள்.

தட்டில், காலையில் சீவிய வேறொருவரின் சிறுநீரகப் புற்றுச் சீவல்களும் கிடந்தன. சுருண்டபின் எது யாருடையது என்று சொல்ல இயலாது. அக்காவுடையவை என்று தோன்றிய மூன்றை இடுக்கியால் எடுத்து, ஏழோடு சேர்த்து அனுப்பினான்.

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. தோற்றுவாய்: சிறுநீரகம்.

மறுநாள் பிற்பகல் மாடி வார்டிலிருந்து அக்காவே சுவரைப் பிடித்தபடி படியிறங்கி வந்தாள். கண்கள் மஞ்சளித்திருந்தன, குரல் மாறவில்லை.

"டேய், கண்டுபிடிச்சுட்டாங்கடா! நாளைக்கு மருந்து ஆரம்பம்."

"உட்காருக்கா."

"டாக்டருக்கே ஆச்சரியம். ஸ்கேன்ல ரெண்டு கிட்னியும் பளிங்கு மாதிரி இருக்காம். ஆனா ரிப்போர்ட் பொய் சொல்லாதுன்னுட்டார்."

அவன் கத்தியைத் துடைத்தான். அது ஏற்கெனவே துடைத்த கத்தி.

"இதென்ன கோழிக் கிறுக்கல்? என் இடத்துல யாரைடா உட்கார வச்சிருக்கீங்க?" என்றபடி அவள் பதிவேட்டைப் புரட்டினாள். விரல் அவளுடைய திசுவின் எண்ணைக் கண்டது, பழக்கத்தில் ஒரு வரி மேலேறியது, அங்கேயே நின்றது.

"எனக்கு முன்னாடி கிட்னி வெட்டியிருக்கியே."

"ஆமாக்கா."

"நடுவுல தட்டைக் காலி பண்ணினியா?"

அவன் பார்வை கழிவுத் தட்டுக்குப் போனது.

"பத்தும் முழுசா வந்துச்சா? என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

"ஏழுதான்க்கா. மிச்சத்தைத் தட்டுலேர்ந்து எடுத்தேன்."

அவள் பதிவேட்டை மூடினாள்.

"என் பிளாக்கை எடு."

இழுப்பறையிலிருந்து அவளுடைய மெழுகுக் கட்டியை எடுத்துக் கொடுத்தான். விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கும் ஒரு புள்ளித் திசுகூட இல்லை. வழவழப்பான வெள்ளை மெழுகு.

"நல்லாத்தான்டா சீவியிருக்கே," என்றாள். "எழுந்திரு. டாக்டர்கிட்ட நீதான் சொல்லணும். படியேற எனக்குக் கையைக் குடு."